எழுத்துக்கு ஒரு வகுப்பு

கேள்வி: அமெரிக்கக் கல்லூரிகளில் கதை எழுதுவதற்கே பட்டம் தருகிறார்களாமே! அதையெல்லாம் சொல்லித்தர முடியுமா?

பதில்: ஓரளவுக்கு. கதை வகுப்புக்கு முன் மற்ற எழுத்து வகுப்புகளைச் சொல்லிவிடுகிறேன். கட்டுரைப் பயிற்சி அங்கே பெரும்பாலான கல்லூரிகளில் முதலாண்டுக் கட்டாயப் பாடம். எஞ்சினியரிங் மாணவரும் தப்ப முடியாது. இலக்கிய வகுப்பு நாம் அறிந்ததுதான். கதை எழுதும் வகுப்புதான் விசேஷம். அயோவா பல்கலைக்கழகத்தில் 1936-இல் தொடங்கிய எழுத்தாளர் பட்டறையின் வழியைத்தான் பல கல்லூரிகள் பின்பற்றின. அந்த வழி இதுதான்: மாணவர் தம் கதையை முன்கூட்டியே எல்லோருக்கும் கொடுத்துவிட வேண்டும். சக மாணவர்கள் அதைப் பிரித்து மேய்வார்கள். அவர்கள் முடிக்கும்வரை எழுதியவர் வாய் திறக்கக் கூடாது. (நம் இலக்கியக் கூட்டங்களுக்கும் இந்த விதி வந்தால் தேவலை!) இதழியல் படிக்க அயோவா போன அமெரிக்க எழுத்தாளர் ஃபிளானரி ஓ'கானர் இந்தப் பட்டறைக்கு மாறி, 1947-இல் ஆறு கதைகளையே ஆய்வேடாகக் கொடுத்துப் பட்டம் வாங்கினார். கதை எங்கே இழுக்கிறது என்று காட்ட ஆசிரியரால் முடியும். சொல்வதற்கு விஷயம் மாணவரிடம்தான் இருக்க வேண்டும்.