செம்பும் குருதியும்

செந்நிறத்தால் பெயர் பெற்றது செம்பு. அது கலமாகவும் கம்பியாகவும் பயன்படுதலை யாவரும் அறிவர். மக்கள் உடலகத்தும் உறைகின்றது என்பதைப் பலர் அறியார். வளர்ச்சி முற்றிய ஒருவர் உடலிலுள்ள செம்பு முழுவதையும் திரட்டினால், ஒரு கிராமில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே தேறும். நாள்தோறும் உணவின்வழி வேண்டப்படுவதோ ஒரு மில்லிகிராம் அளவே. இத்துணைச் சிறியது குறைந்தால் என்ன கேடு விளைந்துவிடும்?

1928-ஆம் ஆண்டில், அமெரிக்க நாட்டு விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில், ஹார்ட் என்னும் அறிஞரும் அவருடன் ஆய்ந்தோரும் எலிகளுக்குப் பாலை மட்டுமே உணவாக ஊட்டினர். எலிகள் சோகையுற்று வெளிறின. குருதிக்கு இரும்பு இன்றியமையாதது ஆதலின், தூய இரும்புப்பை அளித்தனர். சோகை தீரவில்லை. ஈரலை எரித்த சாம்பலையும் சேர்த்து அளித்தபோது தீர்ந்தது. சாம்பலில் இருந்த செம்பே அதனைத் தீர்த்தது எனத் தெளிந்தனர்.

பெரு நாட்டின் தலைநகராகிய லிமாவில், ஊட்டமின்றி மெலிந்து, பின் பாலுணவால் தேறிவந்த குழந்தைகள் சிலருக்குச் சோகை நீங்கவில்லை, வெள்ளணுக்கள் குறைந்தன, எலும்புகள் நலிந்தன. செம்பு அளித்தபின் அவர்கள் நலமுற்றதை மருத்துவர் 1964-இல் எழுதி வெளியிட்டனர். வளர்ந்தோரிடத்து இக்குறை நெடுநாள் அறியப்படாதிருப்பின் தண்டுவடம் தாக்குண்டு நடை தளரும். சோகை விரைவில் நீங்கினும், நரம்புற்ற கேடு முற்றும் மீளாமையும் உண்டு. ஆதலின் நோய் முற்றுமுன் குறையை அறிதல் வேண்டும்.

குருதியிலுள்ள செம்பை அளந்தால் போதாதோ எனின், போதாது. குருதிநீரில் உள்ள செம்பின் பெரும்பகுதி செருலோபிளாஸ்மின் என்னும் புரதத்துள் அடங்கியுள்ளது. அதனை 1948-இல் பிரித்தெடுத்தோர் சுவீடன் நாட்டு ஹோம்பெர்க், லாரெல் என்போர். அதன் நிறம் வானின் நீலம். பெயரும் அந்நிறம் பற்றியதே. செம்மையால் பெயர் பெற்ற உலோகம் குருதியுள் நீலமாய் நிற்பது வியப்பன்றோ! உடலின் வேதி வினைகளை விரைவுபடுத்தும் புரதம் நொதி எனப்படும். இப்புரதமும் ஒரு நொதியே; குருதியில் சுமந்து செல்லத்தக்க வடிவிற்கு இரும்பை இது மாற்றுகின்றது.

செம்பு மிகக் குறைந்தால் இந்நொதியும் குறையும். ஆனால் உடலில் அழற்சி தோன்றினும், மகளிர் கருவுறினும் இது பெருகும். கடன்பட்டவன் திருநாளில் பட்டுடுத்தி நிற்பது போல, உள்ளே குறையிருக்கப் புறத்தே நிறைவு தோன்றும். எனவே அறிஞர் குருதிநீரை விடுத்து அணுக்களை நோக்கினர்.

1938-இல் மான், கெய்லின் என்னும் இருவர் மாட்டுக் குருதியிலிருந்து செம்பு செறிந்த புரதம் ஒன்றைப் பிரித்தனர். அதன் தொழில் யாதென முப்பதாண்டுகள் எவரும் அறிந்திலர். உயிர்வளியிலிருந்து பிறக்கும் நச்சுக்கூறு ஒன்றை அழிக்கும் நொதியே அது என, 1969-இல் மெக்கார்டு, பிரிடோவிச் என்போர் காட்டினர். சூப்பராக்சைடு டிஸ்மியூட்டேஸ் என்பது அதன் பெயர். செம்பு குறையின், சிவப்பணுக்களில் இதன் வினை தளரும். எனினும் சிவப்பணுவின் வாழ்நாள் ஏறத்தாழ 120 நாள். ஆதலின் இக்குறி மெல்லவே மாறும். குருதித் தட்டணுக்களோ பத்து நாள் அளவே வாழ்வன. அவற்றிலுள்ள சைட்டோகுரோம் ஆக்சிடேஸ் என்னும் செம்பு நொதி குறையை விரைந்து காட்டவல்லது. ஆயினும் அதனை அளத்தல் எளிதன்று.

இவற்றுள் எதுவும் தனித்து நின்று தீர்ப்புக் கூறாது. இரண்டு மூன்றை ஒருங்கு நோக்கியும், நோயாளி உண்ட உணவையும், துத்தநாகம் மிகுதியாக உட்கொண்டனரா என்பதையும் வினவியுமே மருத்துவர் முடிவு செய்வர். துத்தநாகம் மிகின், குடல் செம்பை ஏற்பது குறையும்.