மக்கள் கேட்டுக் கட்டிய மண்டபம்

உங்கள் ஊரில் நகராட்சி அலுவலகம் எங்கே இருக்கிறது? அது யாருடைய கட்டடம்? அதைக் கட்டும்போது உங்களை யாராவது கேட்டார்களா?

மக்களைக் கேட்ட ஒரு நகரம் உண்டு. அதன் பெயர் டொராண்டோ. அது கனடா நாட்டில் உள்ள பெரிய நகரம்.

மக்கள் சொன்ன 'வேண்டாம்'

டொராண்டோவில் 1899-இல் கட்டிய பழைய நகர மண்டபம் இருந்தது. நகரம் வளர்ந்தது. அந்த இடம் போதவில்லை. புதிய கட்டடத்துக்கு ஒரு வரைபடம் போட்டார்கள். அது பலருக்குப் பிடிக்கவில்லை. கட்டடக்கலை மாணவர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். 1955-இல் வாக்கெடுப்பு நடந்தது. 'வேண்டாம்' என்று மக்கள் வாக்களித்தார்கள். அந்தத் திட்டம் நின்றது.

பிறகு உலகப் போட்டி ஒன்றை அறிவித்தார்கள். மேயர் நேத்தன் பிலிப்ஸ் அதற்கு முன்நின்றார். 42 நாடுகளிலிருந்து 500-க்கும் மேற்பட்ட வரைபடங்கள் வந்தன. 1958-இல் முடிவு தெரிந்தது. பின்லாந்து நாட்டின் வில்யோ ரெவெல் வென்றார்.

கட்டடம் எப்படி இருக்கிறது?

இரண்டு உயரமான கட்டடங்கள் வளைந்து நிற்கின்றன. ஒன்றுக்கு 27 மாடி. மற்றதற்கு 20 மாடி. இரண்டு கைகளையும் குவித்து ஒரு பொருளைக் காப்பது போல இருக்கிறது. நடுவில் வட்டமான மன்றக் கூடம். அது ஒரு தட்டு போலத் தெரியும். ஒரே பெரிய கான்கிரீட் தூண் அதைத் தாங்குகிறது. வெளிப்புறச் சுவர்கள் கான்கிரீட். அவற்றில் சன்னல் இல்லை. உள்பக்கம் கண்ணாடி. அலுவலகங்கள் மன்றக் கூடத்தைப் பார்த்தபடி இருக்கின்றன.

மன்றக் கூடத்தில் பொதுமக்கள் உட்காரவும் இடம் உண்டு. உறுப்பினர்கள் பேசுவதை அங்கிருந்தே கேட்கலாம்.

முன்னால் ஒரு பெரிய திடல். அதற்கு நேத்தன் பிலிப்ஸ் பெயர். அங்கே ஒரு குளம் இருக்கிறது. குளிர்காலத்தில் அது பனிச்சறுக்கு இடமாகிவிடும். விழாவுக்கும் கூட்டத்துக்கும் மக்கள் அங்கே கூடுவார்கள்.

1965 செப்டம்பர் 13-இல் மண்டபத்தைத் திறந்தார்கள். அதைப் பார்க்க ரெவெல் இல்லை. 1964-இல் அவர் இறந்துவிட்டார்.

பழைய மண்டபம் என்ன ஆனது?

அதை இடித்துவிடலாம் என்று 1960-களில் ஒரு யோசனை வந்தது. மக்கள் எதிர்த்தார்கள். கட்டடம் தப்பியது. பிறகு பல ஆண்டுகள் அது நீதிமன்றமாக இயங்கியது. இன்றும் புதிய மண்டபத்துக்கு அருகிலேயே நிற்கிறது.

பொதுக் கட்டடத்துக்குச் செலவாவது மக்கள் பணம். அது எப்படி இருக்க வேண்டும் என்று கேட்கும் உரிமை மக்களுக்கு உண்டு. வேண்டாததை 'வேண்டாம்' என்று சொன்னதால்தான் டொராண்டோவுக்கு நல்ல மண்டபம் கிடைத்தது.

சிந்தித்துப் பதில் சொல்லுங்கள்

1. 1955-இல் மக்கள் எதை மறுத்தார்கள்?
2. மன்றக் கூடத்தில் பொதுமக்களுக்கு ஏன் இடம் வேண்டும்?
3. உங்கள் ஊர் அலுவலகத்தில் நீங்கள் உட்கார இடம் உண்டா? தண்ணீர் உண்டா? முதியவர்கள் எளிதாக ஏற முடியுமா?

செய்து பாருங்கள்

நான்கு பேர் சேர்ந்து உங்கள் ஊராட்சி அல்லது நகராட்சி அலுவலகத்துக்குப் போங்கள். அங்கே என்ன குறை என்று எழுதுங்கள். கிராம சபையிலோ உங்கள் வார்டு உறுப்பினரிடமோ அதைப் படித்துக் காட்டுங்கள்.