டெப்த் கேமராவுக்கு எக்ஸ்டென்ஷன் கேபிள் போடலாமா?

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் பலரும் கடையில் கேட்டு வாங்குகிற ஒரு பொருள் யுஎஸ்பி எக்ஸ்டென்ஷன் கேபிள். சிபியு மேஜைக்கு அடியில் இருக்கும். பென் டிரைவைச் செருக ஒவ்வொரு முறையும் குனிய வேண்டும். ஒரு கேபிளை வாங்கி முன்பக்கம் இழுத்து வைத்துக் கொண்டால் தொல்லை தீர்ந்தது. மௌஸ், கீபோர்டு, பிரிண்டர் எல்லாமே இப்படி ஓடிவிடும். ஆனால் அதே கேபிளில் ஒரு டெப்த் கேமராவைச் செருகிப் பாருங்கள். அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது.

பனவடலிசத்திரத்தில் சிறிய கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். "கேமரா கெட்டுப் போச்சு" என்று என் மேஜைக்கு வந்த டெப்த் கேமராக்கள் சில. அவற்றில் பாதி கெடவே இல்லை. கேபிளை மாற்றியதும் ஓடின. ஆகவே கேமராவைத் தூக்கிப் போடும் முன் இந்த மாதப் பாடத்தைப் படித்து விடுங்கள்.

முதலில் டெப்த் கேமரா என்றால் என்ன என்று பார்ப்போம். சாதாரண வெப் கேமரா நிறத்தையும் வெளிச்சத்தையும் மட்டும் பார்க்கும். டெப்த் கேமரா, தன் எதிரே உள்ள ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று அளக்கும். வீடுகளுக்கு வந்த முதல் பிரபல டெப்த் கேமரா மைக்ரோசாஃப்ட்டின் கினெக்ட். 2010 நவம்பரில் எக்ஸ்பாக்ஸ் 360 விளையாட்டுப் பெட்டிக்காக வெளிவந்தது. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளிப் புள்ளிகளை அறை முழுக்கத் தூவி, அவை எப்படி விழுகின்றன என்று பார்த்துத் தூரத்தைக் கணக்கிடும். வெளிவந்த ஒரு வாரத்துக்குள்ளேயே அதைச் சாதாரண கம்ப்யூட்டரில் ஓட வைத்து விட்டார்கள். 2017-இல் கினெக்ட் தயாரிப்பு நின்று போனது. இன்று கிடைப்பவை பழைய சரக்குதான். புதிதாக வாங்குவோர் பெரும்பாலும் ரியல்சென்ஸ் கேமராவுக்குப் போகிறார்கள். இன்டெல் நிறுவனத்தின் பிரிவாக இருந்த ரியல்சென்ஸ் 2025 ஜூலையில் தனி நிறுவனமாகி விட்டது.

இந்தக் கேமராவுக்கு மட்டும் ஏன் எக்ஸ்டென்ஷன் தேவைப்படுகிறது? பழைய கினெக்ட் 80 சென்டிமீட்டரிலிருந்து 4 மீட்டர் வரை உள்ளதைத்தான் நன்றாக அளக்கும். முழு ஆளும் தெரிய இரண்டு மீட்டர் அளவுக்கு விலகி நிற்க வேண்டும். நம் ஊர் வீடுகளில் கம்ப்யூட்டர் உள்ளறையில், சுவரோரமாக இருக்கும். காலி இடம் இருப்பதோ பட்டாசாலையில். நடுவில் கேபிள்தான் பாலம்.

விதியிலேயே இல்லாத கேபிள்

இதைச் சொன்னால் கடைக்காரர்களே நம்ப மறுக்கிறார்கள். ஒரு முனையில் ஆண் பிளக், மறுமுனையில் பெண் பிளக் உள்ள சாதாரண எக்ஸ்டென்ஷன் கேபிளை, 2000-இல் வெளியான யுஎஸ்பி 2.0 விதிநூல் 'தடை செய்யப்பட்ட கேபிள்கள்' பட்டியலில் வைத்திருக்கிறது. ஒன்றோடு ஒன்றைச் செருகிக் கொண்டே போனால் அனுமதித்த நீளத்தைத் தாண்டி விடுவார்கள் என்பதே காரணம். அப்படித்தான் நடக்கிறது! யுஎஸ்பியை உருவாக்கிய இன்டெல் குழுவில் முக்கியமானவர் அஜய் பட், பரோடாவில் படித்தவர். அவர் பிறந்த நாட்டிலேயே தடை செய்த கேபிள் பெட்டிக் கடையில் தொங்குகிறது.

அனுமதித்த நீளம் 5 மீட்டர். அது என்ன கணக்கு? கம்ப்யூட்டர் ஒரு கேள்வி கேட்கும், கருவி உடனே பதில் சொல்ல வேண்டும். இதுதான் யுஎஸ்பி வேலை செய்யும் முறை. ஒரு கேபிளைக் கடக்க விதிநூல் தரும் நேரம் 26 நானோ செகண்ட். மீட்டருக்கு 5.2 நானோ செகண்ட் என்று வைத்தால் சரியாக 5 மீட்டர் வருகிறது. இந்த 5 மீட்டரில் கேமராவின் சொந்த வயரும் சேர்த்தி என்பதைத்தான் பலர் மறந்து விடுகிறார்கள். கினெக்டின் வயர், அதன் அடாப்டர் வயர், நீங்கள் வாங்கிய கேபிள் மூன்றையும் டேப் வைத்து அளந்து கூட்டிப் பாருங்கள்.

"மௌஸ் ஓடுகிறதே, அப்படியானால் கேபிள் சரிதானே?" என்று கேட்பவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. கினெக்டின் தூரப் படத்தில் 640 x 480 புள்ளிகள். ஒவ்வொன்றுக்கும் 11 பிட். ஒரு செகண்டுக்கு 30 படம். பெருக்கினால் செகண்டுக்கு 10 கோடி பிட்டுக்கு மேல். வண்ணப் படத்தையும் சேர்த்தால் 17 கோடியைத் தாண்டும். சாதாரண மௌஸ் ஓடும் பாதையின் வேகமே செகண்டுக்கு 15 லட்சம் பிட்தான். ஒற்றையடிப் பாதையில் சைக்கிள் போகிறது என்பதற்காக அதில் லாரியை விட முடியுமா?

பென் டிரைவை வைத்துச் சோதிப்பதும் சரியான சோதனை அல்ல. பென் டிரைவில் காப்பி செய்யும்போது ஒரு துண்டு பழுதாகிப் போனால் கம்ப்யூட்டர் அதைத் திரும்பக் கேட்டு வாங்கிக் கொள்ளும். கொஞ்சம் தாமதமாகும், ஃபைல் மட்டும் முழுதாக வந்து சேரும். கினெக்ட் படம் அனுப்பும் முறை வேறு. நேரம் தவறக் கூடாது என்பதால் பழுதான துண்டு பழுதானதுதான், மறுபடி அனுப்பாது. ஆகவே மோசமான கேபிளில் பென் டிரைவ் ஒன்றும் சொல்லாது, கேமரா காட்டிக் கொடுத்து விடும்.

இது விளையாட்டுச் சமாச்சாரம் மட்டுமல்ல. எங்கள் தெருவில் ஒரு பெரியவருக்குப் பக்கவாதம் வந்து இடது கை விழுந்து விட்டது. தினமும் கையைத் தூக்கி இறக்கும் பயிற்சி செய்யச் சொல்லியிருந்தார்கள். திருநெல்வேலியில் இன்ஜினியரிங் படிக்கும் அவருடைய பேரன் ஒரு பழைய கினெக்டை வாங்கி, கை எவ்வளவு உயரம் போகிறது என்று திரையில் ஒரு பொம்மை காட்டும்படி செய்து வைத்தான். கேமரா பட்டாசாலையில், கம்ப்யூட்டர் உள்ளே, நடுவில் 5 மீட்டர் எக்ஸ்டென்ஷன். பத்து நாள் கழித்துப் பார்க்கப் போனேன். "கை பாதியிலயே நின்னு போகுது தம்பி. இனி வராது போலுக்கு" என்றார். பக்கத்தில் நின்று அவர் கையைப் பார்த்தேன். கை தோளுக்கு மேலே போய்க் கொண்டிருந்தது. நின்றது திரையில் இருந்த பொம்மை! படம் இடையிடையே உறைவதைத் தன் கையின் குறை என்று நினைத்துப் பயிற்சியையே விட இருந்தார். "அண்ணாச்சி, கை நல்லாத்தான் போகுது, வயர்தான் தகராறு" என்று சொல்லி, எக்ஸ்டென்ஷனைக் கழற்றிவிட்டுக் கம்ப்யூட்டரையே பட்டாசாலைக்கு நகர்த்தினோம். பொம்மையும் அவர் கையோடு சேர்ந்து மேலே போனது.

என் முதல் யோசனையும் அதுதான். கேமராவை இழுக்காதீர்கள், கம்ப்யூட்டரை நகர்த்துங்கள். டிவியில் பார்க்க வேண்டுமானால் எச்டிஎம்ஐ கேபிளை நீளமாக வாங்குங்கள். அது 10 மீட்டரில்கூடக் கிடைக்கிறது.

கரண்ட்டும் குறையும்

கேபிளில் டேட்டா மட்டுமா போகிறது? 5 வோல்ட் மின்சாரமும் போகிறது. கேபிளின் உறைமேல் பொடி எழுத்தில் 28ஏடபிள்யூஜி, 24ஏடபிள்யூஜி என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது கம்பியின் கனம். எண் கூடினால் கம்பி மெலியும். இரண்டு எண்கள் இருந்தால் 2சி என்று முடிவது மின்சாரக் கம்பிக்கு உரியது. 28 எண் கம்பியில் 5 மீட்டர் போய் 5 மீட்டர் திரும்பும் மின்சாரம், அரை ஆம்பியர் ஓடினாலே ஏறக்குறைய 1 வோல்ட்டை வழியில் இழந்து விடும். மறுமுனைக்கு 4 வோல்ட்டுக்கும் குறைவாகத்தான் வரும். கேமரா திடீரென்று அணைந்து, 'டிங் டிங்' என்று விண்டோஸ் சத்தம் கொடுத்து மறுபடி வரும். அதே தூரத்தில் 24 எண் கம்பியானால் இழப்பு அரை வோல்ட்டுக்கும் குறைவு. கடையில் விலையைக் கேட்கும் முன் இந்த எண்ணைப் பாருங்கள்.

கினெக்டுக்கு இந்தத் தொல்லை குறைவு. அது 12 வோல்ட் அடாப்டரிலிருந்து தனியாக மின்சாரம் எடுக்கிறது. ஆனால் பழைய கினெக்ட் வாங்குவோர் அந்த அடாப்டரோடு சேர்த்துத்தான் வாங்க வேண்டும். அது இல்லாமல் யுஎஸ்பியை மட்டும் செருகினால் டிவைஸ் மேனேஜரில் மோட்டார் தெரியும், கேமரா தெரியாது.

கட்டாயம் நீளம் வேண்டும் என்றால், 'ஆக்டிவ்' அல்லது 'ரிப்பீட்டர்' கேபிள் என்று கேட்டு வாங்குங்கள். அதன் முனையில் ஒரு சிப் இருக்கும். வந்த சிக்னலைப் புதிதாக்கி அடுத்த கட்டத்துக்கு அனுப்பும். உண்மையில் அது ஒரே ஒரு போர்ட் உள்ள ஹப். தனி அடாப்டர் உள்ள சாதாரண ஹப்பை நடுவில் வைத்தாலும் அதே பலன். யுஎஸ்பி விதிப்படி வரிசையாக 5 ஹப் வரைதான் போடலாம். கினெக்டின் உள்ளேயே ஒரு ஹப் இருக்கிறது, அதையும் கணக்கில் கழித்துக் கொள்ளுங்கள். தனி மின்சாரம் இல்லாத கேமராவுக்கு, அடாப்டர் செருகும் துளை உள்ள ரிப்பீட்டர்தான் ஏற்றது. சிப் எதுவும் இல்லாமல், நெட்வொர்க் வயரின் இரு முனையிலும் யுஎஸ்பி மாட்டித் தருவார்கள், மலிவாகக் கிடைக்கும். கேமராவுக்கு அது உதவாது.

நீல நிற போர்ட்

ரியல்சென்ஸ் டி435 போன்றவற்றின் கதை வேறு. 1280 x 720 தூரப் படம் மட்டுமே செகண்டுக்கு 44 கோடி பிட். யுஎஸ்பி 2.0-இன் ஏட்டு வேகமே 48 கோடிதான், நடைமுறையில் அதுவும் கிடைக்காது. அதனால் 2008-இல் வந்த யுஎஸ்பி 3.0 வேண்டும். பெரும்பாலும் அதன் போர்ட் உள்ளே நீல நிறத்தில் இருக்கும். வேகம் கூடியதால் நீளம் சுருங்கி விட்டது. சாதாரண கேபிள் 3 மீட்டருக்கு மேல் நம்பிக்கைக்கு உரியதல்ல. டி435 பெட்டியில் தரும் கேபிளே 1 மீட்டர்தான்!

பழைய எக்ஸ்டென்ஷனில் நான்கே கம்பிகள். யுஎஸ்பி 3-க்குக் கூடுதல் கம்பிகள் வேண்டும். பழையதில் செருகினால் கேமரா சத்தமில்லாமல் யுஎஸ்பி 2-க்கு இறங்கி, படத்தைச் சிறிதாக்கியோ மெதுவாக்கியோ கொடுக்கும். இதைக் கண்டுபிடிப்பது எளிது. ரியல்சென்ஸ் வியூவர் மென்பொருளில் கேமராவின் பெயருக்குப் பக்கத்தில் 3.2 என்று இருந்தால் சரி, 2.1 என்று இருந்தால் இறங்கி விட்டது. நல்ல கேபிளிலும் 2.1 காட்டினால் பிளக்கைக் கழற்றிச் சட்டென்று ஒரே மூச்சில் செருகுங்கள். மெதுவாகச் செருகும்போது முன்வரிசைத் தொடுமுனைகள் முதலில் பட்டு, 'இது பழைய ரகம்' என்று கம்ப்யூட்டர் முடிவு கட்டி விடுவது உண்டு.

எல்லாக் கோளாறுக்கும் கேபிள் மேல் பழி போடவும் கூடாது. படத்தில் ஒரே இடத்தில் மட்டும் கறுப்பு ஓட்டை இருந்தால் அங்கே கண்ணாடி, பளபளப்பான பீரோ அல்லது வாசல் வழியே விழும் வெயில் இருக்கும். வெயிலில் அகச்சிவப்பு ஒளி ஏராளம், கேமராவின் புள்ளிகள் அதில் கரைந்து விடும். முழுப் படமும் உறைந்தாலோ கேமராவே காணாமல் போய்த் திரும்பி வந்தாலோதான் கேபிளைச் சந்தேகப்படுங்கள். அப்போதும் முதலில் எக்ஸ்டென்ஷன் இல்லாமல், சிபியுவின் பின்பக்க போர்ட்டில் நேரடியாகச் செருகிப் பாருங்கள். முன்பக்க போர்ட் என்பது கேபினெட்டுக்கு உள்ளே ஓடும் இன்னொரு எக்ஸ்டென்ஷன் வயர்தானே!

இன்னொன்று. யுஎஸ்பி 3 கேபிள்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சல் கிளப்பும். கேமராவைச் செருகியதும் வயர்லெஸ் மௌஸ் தடுமாறினால் மௌஸில் பேட்டரி மாற்றி அலையாதீர்கள். கேமராவிடமிருந்து கழற்றி வைத்த பழைய எக்ஸ்டென்ஷன் கேபிளை எடுத்து, மௌஸின் சின்ன ரிசீவரை அதில் செருகி, ஒரு முழம் தள்ளி வையுங்கள்.