பெங்களூருவின் கோடைமழை



கோடை விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது, "ஏன் கண்ணு, உங்கள் ஊரில் வெயிலே இல்லையாமே?" என்று பாட்டி கேட்டிருப்பார். நீங்களும் "ஆம்" என்று தலையசைத்திருப்பீர்கள். அவ்விடை முழுவதும் சரியன்று. 2016 ஆம் ஆண்டு ஏப்ரல் 24 அன்று பெங்களூருவில் 39.2° செல்சியஸ் வெப்பம் பதிவாயிற்று. அதுவரை இந்நகரில் பதிவான வெப்பநிலைகளுள் அதுவே மிகுதியானது. எனினும், நம் நகரின் கோடை சென்னையின் கோடையைப் போன்றதன்று. அதன் காரணத்தை இப்பாடத்தில் அறிவோம்.

உயரம் தரும் குளிர்ச்சி

சென்னை கடற்கரையில் உள்ளது. பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில், தக்காணப் பீடபூமியின்மேல் அமைந்துள்ளது. மேலே செல்லச் செல்லக் காற்றின் வெப்பம் குறையும். 1000 மீட்டருக்கு ஏறத்தாழ 6.5° என்பது பொதுவான கணக்கு. பகலில் மண்ணும் கட்டடங்களும் சூடேறுவதால் இக்கணக்கு நாள்தோறும் அப்படியே பொருந்தாது. ஆயினும், நம் இரவுகள் இனிமையாக இருப்பதற்கு இவ்வுயரமே முதன்மையான காரணம்.

சென்னையில் மே மாதக் கத்திரி வெயில் கடுமையானது. இங்கோ மார்ச், ஏப்ரல் மாதங்களிலேயே வெப்பம் உச்சத்தை அடைகிறது. மே மாதத்தில் அடிக்கடி பெய்யும் மாலை மழை நிலத்தைக் குளிர்விக்கிறது.

மழை மாலையில் வருவது ஏன்?

காலை முதல் வெயிலில் காய்ந்த நிலம், தன்மேல் உள்ள காற்றைச் சூடாக்குகிறது. சூடான காற்று இலேசானது; ஆகவே மேலே எழுகிறது. வங்கக் கடலிலிருந்தும் அரபிக் கடலிலிருந்தும் வந்த ஈரப்பதம் அக்காற்றில் கலந்திருந்தால், உயரத்தில் அது குளிர்ந்து நுண்ணிய நீர்த்துளிகளாக மாறுகிறது. அத்துளிகளின் கூட்டமே மேகம். பிற்பகலில் அது பத்துக் கிலோமீட்டருக்கும் மேலாக உயர்ந்து கார்திரள் மேகம் ஆகிறது.

மழை விழத் தொடங்கியதும், குளிர்ந்த காற்றும் அதனுடன் கீழிறங்கித் தரையில் மோதி நாற்புறமும் பரவுகிறது. மழைக்குச் சற்று முன்பே சில்லென்று காற்று வீசுவதும், அக்காற்றோடு மண்வாசனை வருவதும் இதனால்தான்.

மின்னல், இடி, ஆலங்கட்டி

மேகத்தின் உள்ளே பனித்துகள்கள் ஒன்றோடொன்று மோதுவதால் மின்னூட்டம் பிரிந்து சேர்கிறது. அது பாய்வதே மின்னல். மின்னல் செல்லும் வழியில் காற்று ஏறத்தாழ 30,000° செல்சியஸ் வரை சூடாகி, நொடிப்பொழுதில் விரிகிறது, அவ்வோசையே இடி. ஒளி உடனே கண்ணை எட்டும். ஒலியோ ஒரு கிலோமீட்டரைக் கடக்க ஏறத்தாழ மூன்று நொடிகள் எடுத்துக்கொள்ளும். மின்னலைக் கண்ட ஒன்பதாம் நொடியில் இடி கேட்டால், மின்னல் மூன்று கிலோமீட்டர் தொலைவில் உள்ளது.

மேகத்தின் உள்ளே மேலெழும் வலிய காற்று, நீர்த்துளிகளை உறைநிலைக்கும் மேலே தூக்கிச் செல்கிறது. அங்கே உறைந்த துளிமேல் மேலும் மேலும் பனி படிகிறது. காற்றால் தாங்க முடியாத எடையை அடைந்ததும் அது ஆலங்கட்டியாக விழுகிறது. பெரிய ஆலங்கட்டியை வெட்டிப் பார்த்தால், வெங்காயம்போல் அடுக்கடுக்காக இருக்கும்.

உங்கள் கன்னட நண்பர்கள் இதனை 'ஆலிக்கல்லு' என்பர். 'ஆலி' என்பது ஆலங்கட்டியைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொல். மழை அங்கே 'மளெ'; மின்னல் 'மிஞ்சு'. இரு மொழிகளின் உறவை இச்சொற்களிலும் காணலாம்.

நினைவிற்கொள்க: இடி கேட்டால் உடனே கட்டடத்திற்குள் செல்லுங்கள். மரத்தடியில் நிற்றல் கூடாது. மரத்தில் பாயும் மின்சாரம் அருகில் நிற்பவர்மீதும் பாயும். கடைசி இடி ஓய்ந்து முப்பது நிமிடங்கள் கழித்தே விளையாட வெளியே வருக.

பெய்த மழை எங்கே செல்கிறது?

2024 ஆம் ஆண்டுக் கோடையில் ஆழ்துளைக் கிணறுகள் பல வற்றின. குடங்களுடன் மக்கள் தண்ணீர் லாரிக்குக் காத்திருந்தனர். அவ்வாண்டு ஜூன் 2 அன்று ஒரே நாளில் 111.1 மில்லிமீட்டர் மழை கொட்டியது. நூறு சதுர மீட்டர்ப் பரப்புள்ள ஒரு மொட்டைமாடியில் மட்டும் அன்று விழுந்த நீர் ஏறத்தாழ 11,100 லிட்டர்! அதில் பெரும்பகுதி சாலையில் ஓடி வீணாயிற்று.

முன்னோர் இந்நகரில் ஏரிகளை அமைத்து மழையைத் தேக்கினர். இன்று கெம்பேகௌடா பேருந்து நிலையம் இருக்குமிடம் முன்பு தர்மாம்புதி ஏரி. கண்டீரவா விளையாட்டரங்கம் இருக்குமிடம் சம்பங்கி ஏரி. ஏரிகள் குறைந்ததால், ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவிலிருந்து காவிரி நீரை மேலேற்றிக் குடிக்கிறோம்.

பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளைக் கடந்து செல்லும் நீர் தென்பெண்ணையில் கலக்கிறது. அது ஓசூர், கிருஷ்ணகிரி, சாத்தனூர் வழியாகக் கடலூர் அருகே கடலை அடைகிறது. இங்கே நாம் எறியும் குப்பையும் கழிவும் அவ்வழியே ஊருக்குச் செல்லும். தூய நீரை அனுப்புவோமா, நுரைபொங்கும் நீரை அனுப்புவோமா என்பது நம் கையில் உள்ளது.

அருஞ்சொற்பொருள்

பீடபூமி – மேற்பரப்பு பெரும்பாலும் சமமாக உள்ள உயர்நிலம்
கார் – கருமை, மழைமேகம்
ஆலி – ஆலங்கட்டி

பயிற்சி

1. மழைக்கு முன் குளிர்ந்த காற்று வீசுவது ஏன்?
2. மின்னலைக் கண்டு ஆறு நொடி கழித்து இடி கேட்டது. மின்னல் எவ்வளவு தொலைவில் உள்ளது?
3. பிரித்து எழுதுக: பனித்துகள், மொட்டைமாடி, மண்வாசனை.
4. செய்து பார்க்க: ஏப்ரல் 24 அன்று நண்பகல் 12 மணி 17 நிமிட அளவில், வெயிலில் ஒரு குச்சியை நேராக நிறுத்துங்கள். நிழல் எங்கே போயிற்று? காரணத்தை ஐந்து வரிகளில் எழுதுங்கள்.
5. உங்கள் ஊரில் கோடைமழை எவ்வாறு பெய்யும் என்று பாட்டியிடமோ தாத்தாவிடமோ கேட்டு, அவர்கள் கூறும் மழைச்சொற்களைப் பட்டியலிடுக.