அப்பத்தாவின் பாம்படத்தை உருக்கலாமா?

கேள்வி: எங்கள் பூர்வீகம் திருச்சுழிப் பக்கம் ஒரு கிராமம். அப்பத்தா சமீபத்தில் தவறிவிட்டார். அவர் காதில் கிடந்த பாம்படம் ஒரு ஜோடி இப்போது என்னிடம் இருக்கிறது. அருப்புக்கோட்டையில் ஒரு கடையில் காட்டினேன். “உள்ளே அரக்குதான் ஜாஸ்தி. உருக்கி நிற்கிறதுக்குத்தான் காசு. 916 செயினா மாத்திக்கிருங்க” என்றார்கள். அத்தைமார் இரண்டு பேரும் பங்கு கேட்கிறார்கள். மழை பொய்த்த வருஷமெல்லாம் அடகுக்குப் போய்த் திரும்பிய நகை என்று அப்பா சொல்வார். என்ன செய்யட்டும்?
– ஒரு வாசகி, அருப்புக்கோட்டை

பதில்: உருக்காதீர்கள், அம்மா. கடைக்காரர் சொன்ன கணக்கில் தப்பில்லை. ஆனால் அவர் தராசில் ஏறுவது தங்கம் மட்டும்தான்.

பாம்படம் அச்சில் வார்த்த நகை அல்ல. தங்கத்தை மெல்லிய தகடாக அடித்து, உருண்டையும் சதுரமுமாக மடக்கி, பொடி வைத்து ஊதி ஒட்டி, உள்ளே அரக்கை நிறைப்பார்கள். தகட்டை நசுங்காமல் தாங்குவது அந்த அரக்குதான். அதனால் அதைக் கலப்படம் என்று நினைக்க வேண்டாம். இன்னார் காதுக்கு என்று சொல்லிச் செய்த நகை அது. பெண் குழந்தைக்குக் காது குத்தி, துளையில் பஞ்சைத் திணித்து, பிறகு ஈயக் குணுக்கு மாட்டித் தோள்வரை காதை வளர்ப்பார்கள். அந்தக் காது தாங்கும் கனமும் வீட்டின் வசதியும் பார்த்துத்தான் ஆசாரி தகடு அடிப்பார்.

வளர்த்த காதை அறுத்துத் தைத்துக்கொள்ளும் காலம் வந்ததும் பாம்படத்துக்கான தேவை போயிற்று. அதோடு 1963 ஜனவரியில் வந்த தங்கக் கட்டுப்பாட்டு விதி, புது நகை 14 காரட்டுக்கு மேல் இருக்கக் கூடாது என்றது. எத்தனையோ பொற்கொல்லர் குடும்பங்கள் பட்டறையை மூடின. 14 காரட் விதி சில ஆண்டுகளில் போய்விட்டது, தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டமும் 1990இல் ரத்தானது. போன கைவேலை திரும்பவில்லை. இன்று உருக்கிவிட்டு நாளை இதே போல் செய்துகொள்ள நினைத்தால், செய்கூலி கொடுக்கக் காசு இருந்தாலும் கை கிடைப்பது அரிது.

உங்கள் அப்பா சொன்னதை நான் பெரிதாக மதிக்கிறேன். குண்டாற்றில் எப்போதாவதுதான் தண்ணீர் வரும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கண்மாய் பெருகாவிட்டால் பருத்தி, மிளகாய் வெள்ளாமைக்குக் கையில் காசிருக்காது. அப்போது கழற்றக்கூடிய சொத்து பொம்பளை காதில் கிடந்ததுதான். விளைந்தால் மீட்பு, இல்லாவிட்டால் வட்டி. பழைய அடகுச் சீட்டு ஏதாவது பெட்டியில் கிடந்தால் நகையோடு சேர்த்து வையுங்கள். எந்தெந்த வருஷம் போனது, எதற்காகப் போனது என்று அப்பாவிடமும் அத்தைமாரிடமும் கேட்டு இப்போதே எழுதிவிடுங்கள்.

பங்கு விஷயம் சங்கடமானதுதான். 2023இல் வந்த ‘தண்டட்டி’ படமே இப்படி ஒரு கிழவியின் காது நகையைச் சுற்றி நடப்பதுதானே. ஆளுக்கொன்றாகப் பிரித்தால் ஜோடி கெடும். ஒருவர் வைத்துக்கொண்டு மற்றவர்களுக்குப் பணமாகக் கொடுப்பதே முறை. மதிப்புப் போட, கடையில் இருக்கும் எக்ஸ்ரே கருவியை மட்டும் நம்பாதீர்கள். அது மேல்தகட்டின் மாற்றைத்தான் சொல்லும். ஊதிய பொடியும் உள்ளிருக்கும் அரக்கும் அதற்குத் தெரியாது. பழைய வேலை தெரிந்த ஆசாரி அரக்கு போக நிகரம் எவ்வளவு என்று உத்தேசமாகச் சொல்வார். அதை எல்லோரும் ஒப்புக்கொண்டு அன்றைய பவுன் விலைக்குத் தீர்த்துக்கொள்ளுங்கள். உங்களிடம் பணம் குறைவாக இருந்தால் அத்தையே வைத்துக்கொள்ளட்டும். யார் வீட்டில் இருந்தாலும் முழுசாக இருந்தால் போதும்.

சிலர் இதை அறுத்து டாலர் செய்கிறார்கள். வேண்டாம். சூடு பட்டால் அரக்கு இளகி வழியும், தகடு குழிந்துபோகும். அணிய ஆசை இருந்தால் எதையும் ஊதி ஒட்டாமல் கயிற்றில் கோத்துப் போடுங்கள். வெந்நீரும் பூந்திக்கொட்டைத் தண்ணீரும் ஆகாது, மெல்லிய பருத்தித் துணியால் துடைத்தாலே போதும். எங்காவது தகடு விட்டிருந்தால் அருப்புக்கோட்டையிலேயே முதியவர்களிடம் விசாரியுங்கள். ஆள் அமையாவிட்டால் மதுரை தெற்காவணி மூல வீதிப் பட்டறைகளில் கேட்டுப் பாருங்கள். கொடுக்கும்போது, “அரக்கை எடுக்காமல் செய்ய முடியுமா?” என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.