சென்னைக்கு வந்த ஒரு விண்ணப்பம்

கும்பகோணம்

அன்புள்ள யாழினிக்கு,

பேச்சுப் போட்டிக்கு நீ எழுதி அனுப்பிய உரையை இரண்டு முறை படித்தேன். "மருந்துக்குக் காப்புரிமை கூடவே கூடாது" என்று தொடங்கி அதே வரியில் முடித்திருக்கிறாய். உன் கோபம் எனக்குப் புரிகிறது. முப்பத்திரண்டு வருஷம் மருந்துக்கடையில் நின்றவன் நான். பத்து மாத்திரை எழுதிய சீட்டை நீட்டி, "நாலு மட்டும் கொடுங்க, மிச்சத்தைச் சம்பளம் வந்ததும் வாங்கிக்கிறேன்" என்றவர்களின் முகங்கள் இன்னும் மறக்கவில்லை. ஆனால் எதிரணியிலிருந்து ஒரு பிள்ளை எழுந்து, "பல வருஷம் உழைத்துப் புது மருந்து கண்டுபிடிப்பவருக்கு நீங்கள் என்ன தருவீர்கள்?" என்று கேட்டால் உன் உரையில் அதற்குப் பதில் கிடையாது. அந்தப் பதிலைத் தேடத்தான் இந்தக் கடிதம்.

முதலில் அந்தச் சொல்லைப் பார்ப்போம். நாம் காப்புரிமை என்கிறோம், சிலர் புனைவுரிமை என்று எழுதுகிறார்கள். ஆங்கிலத்தில் அதற்கு வழங்கும் பேடன்ட் என்ற சொல்லுக்கு வேரில் 'திறந்தது' என்று பொருள். அரசர் முத்திரையிட்டு, மடித்து மூடாமல், எல்லாரும் படிக்கும்படி விடுத்த திறந்த கடிதத்திலிருந்து வந்த பெயர் அது. கண்டுபிடித்தவர் தன் ரகசியத்தை ஊருக்குத் திறந்து காட்ட வேண்டும். பதிலுக்கு அரசு, குறிப்பிட்ட காலம்வரை அதை வேறு யாரும் செய்யாமலும் விற்காமலும் தடுத்து வைக்கும். இன்று அந்தக் காலம் விண்ணப்பம் போட்ட நாளிலிருந்து 20 ஆண்டு. அதன்பின் அது எல்லாருடைய சொத்து.

ரகசியத்தைத் திறக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு கதை உண்டு. 17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் சேம்பர்லென் என்றொரு மருத்துவக் குடும்பம் இருந்தது. பிரசவத்தில் சிக்கிக்கொண்ட குழந்தையின் தலையைப் பற்றி வெளியே எடுக்கும் இடுக்கியைச் செய்தவர்கள் அவர்கள். அதைப் பெட்டியில் மறைத்துக் கொண்டுபோவார்களாம். பிரசவிக்கும் தாயின் கண்ணையே துணியால் கட்டுவார்களாம். நூறு ஆண்டுக்கு மேல் அந்தக் கருவி குடும்பத்தைத் தாண்டவில்லை. 1813இல் எஸ்ஸெக்ஸில் அவர்களுடைய பழைய வீட்டின் தளப்பலகைக்கு அடியிலிருந்துதான் அந்தக் கருவிகள் கிடைத்தன. அந்த நூறு ஆண்டில் எத்தனை தாய்மார் போயிருப்பார்கள் என்று நினைத்துப் பார். நம் ஊரிலும் தகப்பன் சாகும் தறுவாயில் மகன் காதில் மட்டும் சொன்ன மருந்துகள் உண்டு. சொல்லாமலே போனவையும் உண்டு. ஆகவே, காப்புரிமையே வேண்டாம் என்று சொல்லாதே. அது ஒரு பேரம். நாம் கொடுப்பதற்குத் தகுந்த அறிவு நமக்குத் திரும்பி வருகிறதா என்று கேள். அந்தக் கேள்வியை இந்தியாவில் சரியாகக் கேட்டவர்களைப் பற்றித்தான் நீ பேச வேண்டும்.

சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்த என். ராஜகோபால அய்யங்காரிலிருந்து தொடங்கு. சுதந்திரத்துக்குப் பிறகும் நம்மிடம் இருந்தது 1911ஆம் ஆண்டு வெள்ளைக்காரன் சட்டம். அதை ஆராய்ந்து அவர் 1959இல் அறிக்கை கொடுத்தார். அதில் தெரியவந்தது இதுதான்: இந்தியாவில் கொடுக்கப்பட்ட காப்புரிமைகளில் மிகப் பெரும்பாலானவை வெளிநாட்டாரிடம் இருந்தன, அவற்றிலும் பெரும்பாலானவற்றை அவர்கள் இங்கே தொழிலாக நடத்தவே இல்லை. பூட்டு மட்டும் நம் வாசலில் தொங்கியது. அந்தக் காலத்தில் மருந்து விலை உலகிலேயே அதிகமாக இருந்த நாடுகளில் ஒன்று இந்தியா என்று அமெரிக்க செனட் குழு ஒன்றே எழுதியிருக்கிறது.

அவருடைய அறிக்கையை அடியொற்றி 1970இல் புதுச் சட்டம் வந்தது. 1972இல் நடைமுறைக்கு வந்தது. உணவுக்கும் மருந்துக்கும் பொருளின்மேல் காப்புரிமை கிடையாது, செய்முறையின்மேல் மட்டும்தான் என்றது அது. சாம்பார் யாருக்கும் சொந்தமில்லை, நீ வைக்கும் பக்குவம் மட்டும் உனக்குச் சொந்தம் என்பது போல. வேறு பக்குவத்தில் அதே மாத்திரையைச் செய்ய நம் வேதியியலாளர்கள் கற்றுக்கொண்டார்கள். என் கடை அலமாரியில் ஒரே மருந்து ஐந்து கம்பெனி பெயரில், ஐந்து விலையில் இருந்ததற்கு இந்தச் சட்டம்தான் காரணம். 2001இல் எய்ட்ஸ் நோய்க்கான மூன்று மருந்துக் கூட்டை, ஓராண்டுக்கு ஒருவருக்கு 350 டாலருக்குத் தருகிறேன் என்று சிப்லா மருந்துக் கம்பெனியின் யூசுப் ஹமீது எல்லையற்ற மருத்துவர்கள் அமைப்பிடம் சொன்னபோது, பணக்கார நாடுகளில் அதன் விலை பத்தாயிரம் டாலருக்கு மேல். ஆப்பிரிக்காவில் எத்தனையோ பேர் இன்று உயிரோடு இருப்பதில் அந்த 1970ஆம் ஆண்டுச் சட்டத்துக்கும் பங்கு உண்டு.

அந்த நிலை நீடிக்கவில்லை. உலக வணிக அமைப்பில் சேர்ந்ததால் 2005 முதல் மருந்துப் பொருளுக்கே காப்புரிமை தர வேண்டியதாயிற்று. அப்போது நாடாளுமன்றம் சட்டத்தில் ஒரு சிறு காவலை வைத்தது. அதன் பெயர் பிரிவு 3(டி). முன்பே தெரிந்த ஒரு பொருளின் புது வடிவத்தைக் கொண்டுவந்தால், அதன் செயல்திறன் கூடியிருக்கிறது என்று காட்ட வேண்டும். காட்டாவிட்டால் அது கண்டுபிடிப்பு ஆகாது. சீனியைக் காய்ச்சிக் கற்கண்டு ஆக்கியவர், இனிப்பையே நான்தான் கண்டுபிடித்தேன் என்று இன்னொரு இருபது ஆண்டு கேட்கக் கூடாது என்பதே அதன் சாரம்.

இதற்கு வந்த பெரும் சோதனை சென்னையில்தான் நடந்தது. இதை மட்டும் நிதானமாகப் படி.

இரத்தப் புற்றுநோயில் நாள்பட்ட ஒரு வகை உண்டு. அதற்கு இமாடினிப் என்ற மருந்து 2001இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. கிளீவெக் என்பது அதன் வணிகப் பெயர், நோவார்ட்டிஸ் அதன் கம்பெனி. பெரிய மருந்து, யாழினி. மரணத் தீர்ப்பாக இருந்த நோயைத் தினம் மாத்திரை போட்டு வாழக்கூடியதாக மாற்றியது. அந்த விஞ்ஞானிகளின் உழைப்பைக் குறைத்து ஒரு வார்த்தைகூட நீ பேசக் கூடாது. ஆனால் மூல மருந்துக்கு 1990களிலேயே வெளிநாடுகளில் காப்புரிமை வாங்கியாகிவிட்டது. 1998இல் சென்னைக் காப்புரிமை அலுவலகத்துக்கு வந்த விண்ணப்பம், அந்த மருந்தினுடைய உப்பின் 'பீட்டா' என்ற ஒரு படிக வடிவத்துக்கு.

மாதத்துக்கு ஏறத்தாழ 1,20,000 ரூபாய் அப்போது கம்பெனியின் விலையாக இருந்தது. நம் நாட்டுக் கம்பெனிகள் அதே மருந்தை எட்டாயிரம், பத்தாயிரத்துக்கு விற்றன. பல நோயாளிகளுக்கு நோவார்ட்டிஸ் இலவசமாகவே கொடுத்தது என்பதையும் சொல்லிவிடு, அதை மறைப்பது நேர்மையில்லை. ஆனால் ஒருவர் உயிர் இன்னொருவர் தர்மத்தை நம்பி இருக்கலாமா என்று அடுத்த வரியிலேயே கேள்.

மும்பையைச் சேர்ந்த புற்றுநோயாளர் உதவிச் சங்கம் ஒன்றும் சில இந்தியக் கம்பெனிகளும் ஆட்சேபணை கொடுத்தன. 2006 ஜனவரியில் சென்னை அலுவலகம் விண்ணப்பத்தைத் தள்ளியது. கம்பெனி சென்னை உயர் நீதிமன்றம் போய், பிரிவு 3(டி)யே அரசியல் சட்டத்துக்கு விரோதமானது என்று வாதாடியது. நீதிபதிகள் ஆர். பாலசுப்ரமணியனும் பிரபா ஸ்ரீதேவனும் 2007 ஆகஸ்டில் அதைத் தள்ளுபடி செய்தார்கள். (எழுத்தாளர் ஆர். சூடாமணியின் கதைகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர் இதே பிரபா ஸ்ரீதேவன்தான். உனக்குச் சூடாமணி பிடிக்கும் என்பதால் சொல்கிறேன்.) காப்புரிமை தர மேல்முறையீட்டு வாரியமும் மறுத்தது. கடைசியாக 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றம், ஆஃப்தாப் ஆலம், ரஞ்சனா தேசாய் அமர்வு, கம்பெனியின் வழக்கைத் தள்ளியது.

அந்தத் தீர்ப்பில் எனக்குப் பிடித்தது அதன் பொறுமை. புது வடிவம் இயந்திரத்தில் நன்றாக வழிந்தோடுகிறது, ஈரத்தை அதிகம் இழுப்பதில்லை, கெடாமல் நிற்கிறது என்றது கம்பெனி. சரி, அதெல்லாம் தயாரிப்பவருக்கும் சேமிப்பவருக்கும் நல்லது. நோயாளிக்குக் குணம் கூடுகிறதா என்று கேட்டது நீதிமன்றம். மருந்தில் செயல்திறன் என்றால் நோயைத் தீர்க்கும் திறன் என்று பொருள் சொன்னது. உடலில் 30 சதவீதம் கூடுதலாகச் சேருகிறது என்று கம்பெனி சொன்னதற்கு, அதனால் நோய் கூடுதலாகக் குணமானதற்குச் சான்று எங்கே என்று கேட்டது. இன்னொன்றையும் கவனித்தது: இதே கம்பெனி இங்கிலாந்தில் ஓர் இந்தியக் கம்பெனி இந்த உப்பை விற்பதைத் தடுக்க, 'இது எங்கள் பழைய காப்புரிமைக்குள் அடங்கும்' என்று நோட்டீஸ் அனுப்பியிருந்தது. அங்கே பழையது, இங்கே புதியதா? அந்தத் தீர்ப்பைத் தேடிப் படித்துப் பார். அய்யங்காரின் அறிக்கையிலிருந்து பக்கம் பக்கமாக அதில் எடுத்தாண்டிருக்கிறார்கள்.

அரசின் கையில் இன்னொரு சாவியும் உண்டு: கட்டாய உரிமம். காப்புரிமை முறையாகவே கொடுக்கப்பட்டிருந்தாலும், மருந்து மக்களுக்குக் கட்டுபடியான விலையில் கிடைக்காவிட்டால் வேறொருவரைச் செய்யச் சொல்லலாம். பேயர் கம்பெனியின் சொராஃபெனிப், சிறுநீரக, கல்லீரல் புற்றுநோய்க்கானது, மாதத்துக்கு 2,80,428 ரூபாய். 2012 மார்ச்சில் நாட்கோ என்ற இந்தியக் கம்பெனிக்கு உரிமம் கொடுத்தபோது அது 8,880 ரூபாய் ஆயிற்று. பேயருக்கும் விற்பனையில் ஒரு பங்கு வைத்தார்கள். முதலில் 6 சதவீதம், மேல்முறையீட்டில் 7. கண்டுபிடித்தவருக்கு என்ன தருவீர்கள் என்று கேட்டால் இந்த எண்ணைச் சொல். அதன்பின் வேறொரு மருந்துக்கு இப்படி உரிமம் கொடுக்கப்படவில்லை. இத்தனை நல்ல சாவியைத் துருப்பிடிக்க விட்டது தவறு என்றுதான் நான் சொல்வேன்.

மஞ்சள் கதையை நீ முக்கால் பக்கம் எழுதியிருக்கிறாய். அதைச் சுருக்கு, ஒரு பிழையையும் திருத்து. அமெரிக்கா மஞ்சளுக்குக் காப்புரிமை கொடுக்கவில்லை. மஞ்சள் தூளால் புண் ஆற்றும் முறைக்கு 1995இல் மிஸிஸிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்குக் கொடுத்தது. 1997இல் அது ரத்தானது, மாஷெல்கர் தலைமையில் இருந்த நம் அறிவியல் தொழிலக ஆராய்ச்சி மன்றம் எதிர்த்ததால். பாட்டி போட்ட பத்து அங்கே சாட்சியாகாது. 1953இல் இந்திய மருத்துவச் சங்க இதழில் அச்சான ஒரு கட்டுரை சாட்சியானது. எழுதி வைத்தது வென்றது. அதனால்தான் பிறகு ஆயுர்வேதத்தோடு நம் சித்த மருத்துவ நூல்களையும் பாரம்பரிய அறிவு மின்நூலகத்தில் ஏற்றி, காப்புரிமை அலுவலர்கள் தேடிப் பார்க்கும்படி செய்தார்கள்.

கணினித் துறை பற்றி நடுவர் கேட்டால் ஓர் உதாரணம் போதும். ஒரே சொடுக்கில் பொருள் வாங்கும் முறைக்கு அமேசான் 1999இல் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கி, அடுத்த மாதமே போட்டிக் கடைமேல் வழக்குப் போட்டது. 2017வரை அது உயிரோடிருந்தது. வெறும் கணினி நிரலுக்கும் வணிக முறைக்கும் நம் சட்டம் காப்புரிமை தருவதில்லை. அது சரியான கோடு என்பது என் எண்ணம்.

கடைசியாக இரண்டு பெண்களைப் பற்றி. நந்திதா வெங்கடேசன் நம் நாட்டவர், ஃபுமேசா டிசிலே தென்னாப்பிரிக்கர். இருவருக்கும் காசநோய் வந்தது. பழைய மருந்தின் பக்கவிளைவால் இருவருமே கேட்கும் திறனை இழந்தார்கள். மருந்துக்கு அடங்காத காசநோய்க்குப் பெடாகுவிலின் என்ற புது மாத்திரை வந்திருந்தது. ஜான்சன் அண்ட் ஜான்சனிடம் இருந்த மூலக் காப்புரிமை 2023 ஜூலையில் முடிய வேண்டியது. மருந்தின் ஒரு உப்பு வடிவத்துக்கு விண்ணப்பித்து 2027வரை அதை நீட்டிக்கப் பார்த்தது கம்பெனி. இந்த இருவரும் 2019இல் ஆட்சேபணை மனு கொடுத்தார்கள். 2023 மார்ச்சில் மும்பை அலுவலகம் விண்ணப்பத்தை நிராகரித்தது. வக்கீலுமில்லை, விஞ்ஞானியுமில்லை; நோயிலிருந்து மீண்ட இரண்டு பேர். நம் சட்டத்தின் 25ஆம் பிரிவு, காப்புரிமை கொடுக்கும் முன் ஆட்சேபிக்க 'எந்த நபருக்கும்' இடம் தருகிறது.

2024 மார்ச்சில் விதிகளை மாற்றிவிட்டார்கள். முன்பு இந்த மனுவுக்குக் கட்டணம் இல்லை, இப்போது உண்டு. மனு ஏற்கத்தக்கதா என்று அதிகாரி முதலில் முடிவு செய்வார், அதற்குப் பிறகுதான் விசாரணை. காப்புரிமை வாங்கியவர் அதை இந்தியாவில் பயன்படுத்துகிறாரா என்று ஆண்டுதோறும் கொடுத்த கணக்கும் இனி மூன்று ஆண்டுக்கு ஒரு முறைதான். அய்யங்கார் கவலைப்பட்டதே அந்தக் கணக்கைப் பற்றித்தான். உன் கோபத்தை இங்கே வை, யாழினி. வாசற்கதவை அகலமாகத் திறந்து வைத்திருந்த சட்டம் இது. அதைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாத்துவதை எதிர்த்துப் பேசு.

போட்டிக்கு இன்னும் பத்து நாள் இருக்கிறது. காப்புரிமை அலுவலகத்தின் இணையதளத்தில் விண்ணப்பங்களை யார் வேண்டுமானாலும் காசில்லாமல் தேடிப் படிக்கலாம். ஏதாவது ஒரு மருந்தின் விண்ணப்பத்தை எடுத்து, 'நாங்கள் உரிமை கோருவது' என்று எண்ணிட்டு வரும் பகுதியை மட்டுமாவது படி. புரியாத வரிகளை அடிக்கோடிட்டு எனக்கு அனுப்பு, சேர்ந்து படிப்போம். அக்காவிடம் நான் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
உன் மாமா