ரோல் பாருக்கு போல்ட் வாங்கப் போகிறீர்களா? 14 பயனுள்ள குறிப்புகள்

பெங்களூரு லிங்கராஜபுரத்தில் எங்கள் சந்து முனையில் ஒரு பழைய மகிந்திரா பிக்கப் நிற்கிறது. என் மைத்துனருடையது. மழைக்கு முன் பெயின்ட் அடித்துவிடலாம் என்று பின்பக்க ரோல் பாரை (வண்டி கவிழ்ந்தால் ஆட்களைக் காக்கும் குழாய்ச் சட்டம்) கழற்றினார். கழற்ற ஒரு காலைப்பொழுது போதுமாக இருந்தது. திரும்பப் பூட்ட மூன்று வாரம் ஆனது. குழாயில் ஒரு குறையும் இல்லை, சரியான போல்ட்தான் கிடைக்கவில்லை. அந்த மூன்று வாரத்தில் தெரிந்துகொண்டவை இவை. வீட்டில் பழைய ஜீப்போ பிக்கப்போ வைத்திருப்பவர்கள் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

1. கழற்றும்போதே பழைய இட்லித் தட்டு ஒன்றைப் பக்கத்தில் வையுங்கள். ஒரு குழிக்கு ஒரு போல்ட், அதன் நட்டு, அதன் வாஷர். குழி ஓரத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டி ‘டிரைவர் பக்கம், பின் கால்’ என்று எழுதுங்கள். எல்லாவற்றையும் ஒரே டப்பாவில் கொட்டினால் எது எங்கே இருந்தது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

2. துருப்பிடித்த போல்ட்டைக் குப்பையில் போடாதீர்கள். மறுபடி பூட்டவும் கூடாது. கடைக்கு எடுத்துப்போக அதுதான் மாதிரி. கம்பி பிரஷால் தேய்த்து, மண்ணெண்ணெயில் ஓர் இரவு ஊறவைத்தால் மரையும் தலையில் உள்ள எழுத்தும் தெரியவரும். நடுவில் இடுப்பு சிறுத்த மாதிரி இருந்தால் அந்த போல்ட் இழுபட்டிருக்கிறது என்று பொருள்.

3. வண்டி எந்த வம்சம் என்று பாருங்கள். வில்லிஸ் வழி வந்த பழைய மகிந்திராவில் அமெரிக்க இஞ்ச் மரை. 1954-ல் மெர்சிடிஸ் பென்ஸ் கூட்டில் தொடங்கிய டாடா லாரிகளில் மில்லிமீட்டர் மரை. பழைய லேலண்டில் பிரிட்டிஷ் வழக்கம் தலைகாட்டும். இன்னொரு சிக்கலும் உண்டு. நம் ஊர் வண்டிகளில் ரோல் பார் பெரும்பாலும் பிறகு ஏதோ ஒரு பட்டறையில் செய்து மாட்டியது. அதனால் வண்டியின் சொந்த போல்ட் இஞ்சிலும், ரோல் பாரின் போல்ட் மில்லிமீட்டரிலும் இருக்கலாம். ஒன்றைப் பார்த்துவிட்டு எல்லாம் அதேதான் என்று முடிவு கட்டாதீர்கள்.

4. ஸ்பானர் பொருந்துவதை வைத்து அளவு சொல்லாதீர்கள். 12 மி.மீ. போல்ட்டின் தலைக்கு வழக்கமாக 19-ம் நம்பர் ஸ்பானர். அரை இஞ்ச் அமெரிக்க போல்ட்டின் தலை முக்கால் இஞ்ச், அதாவது 19.05 மி.மீ. அதற்கும் அதே ஸ்பானர் கச்சிதமாக உட்காரும். ஆனால் தண்டு 12.7 மி.மீ. ஒன்றின் நட்டு மற்றதற்கு ஆகாது. நாங்கள் முதல் வாரம் ஏமாந்தது இங்கேதான்.

5. தண்டின் குறுக்களவை வெர்னியரில் பாருங்கள். பிறகு மரையை எண்ணுங்கள். இஞ்ச் போல்ட் என்றால் ஓர் இஞ்ச் நீளத்தில் எத்தனை மரை என்பதே கணக்கு. கடைக்காரர் ‘மூணு நூல்’ என்பது 3/8 இஞ்ச், ‘நாலு நூல்’ என்பது அரை இஞ்ச். மூணு நூலில் பெருமரை 16, நுண்மரை 24. நாலு நூலில் பெருமரை 13, நுண்மரை 20. மில்லிமீட்டர் போல்ட் என்றால் பத்து மரையின் நீளத்தை அளந்து பத்தால் வகுங்கள். 10 மி.மீ. போல்ட்டில் பெருமரை 1.5, நுண்மரை 1.25. மரை அளக்கும் பிட்ச் கேஜ் ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டால் இந்த எண்ணிக்கை வேலையே மிச்சம்.

6. நட்டு கையாலேயே ஓடுகிறது என்பதும் போதாது. 1841-ல் விட்வொர்த் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் வகுத்த மரையின் கோணம் 55 டிகிரி. அமெரிக்க மரைக்கும் மில்லிமீட்டர் மரைக்கும் 60 டிகிரி. மூணு நூல் அளவில் விட்வொர்த்துக்கும் இஞ்சுக்கு 16 மரை, அமெரிக்கப் பெருமரைக்கும் 16. நட்டு ஏறும், இறுகியது போலவும் இருக்கும். ஆனால் மரையின் சரிவுகள் முழுதாக ஒட்டாது. மரை கழன்ற கேஸ் என்று ஆளைத்தான் சொல்வோம். ரோல் பாரில் அது நடக்கக்கூடாது.

7. போல்ட்டின் தலையைப் படியுங்கள். 8.8 என்பதில் முதல் எண், ஒரு சதுர மி.மீ. சுமார் 800 நியூட்டன் இழுவிசை தாங்கும் என்கிறது. இரண்டாம் எண், அதில் 0.8 பங்கு வரை நிரந்தரமாக நீளாது என்கிறது. இஞ்ச் போல்ட்டில் எண் இருக்காது, கோடு இருக்கும். மூன்று கோடு கிரேடு 5, ஆறு கோடு கிரேடு 8. 10 மி.மீ. போல்ட் 8.8 ஆக இருந்தால் அறுபட சுமார் 4.7 டன் இழுவை வேண்டும். அதுவே சாதாரண 4.6 என்றால் பாதிதான். கண்ணுக்கு இரண்டும் ஒன்று போலவே இருக்கும்.

8. கிலோ கணக்கில் நிறுத்துத் தரும் போல்ட் கேட்டுக்கும் கிரில்லுக்கும் சரி, இதற்கு வேண்டாம். ஒரு கடையில் எடுத்துக் கொடுத்த போல்ட்டின் தலை வழுவழுவென்று மொட்டையாக இருந்தது. “அண்ணா, இது எய்ட் பாயின்ட் எய்ட்தானா?” என்று கேட்டேன். “எல்லாம் ஒண்ணுதான்மா, கையில வெச்சுப் பாருங்க, எவ்ளோ கனமா இருக்கு!” என்றார். கனத்தை வைத்து வலிமை சொல்ல முடியாது. தலையில் கிரேடும், செய்த கம்பெனியின் முத்திரையும் இல்லாத போல்ட்டை வாங்காதீர்கள். சென்னை பாடியில் உள்ள சுந்தரம் ஃபாஸ்ட்னர்ஸ் போல்ட்டில் ‘டி.வி.எஸ்.’ என்று பொறித்திருக்கும். அப்படி ஏதாவது ஒரு பெயர் தெரிய வேண்டும்.

9. எஸ்.எஸ். போல்ட் பளபளக்கும், துருப்பிடிக்காது என்று ஆசைப்படாதீர்கள். கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் ஏ2-70 ஸ்டெயின்லெஸ் போல்ட் சதுர மி.மீ.க்கு 450 நியூட்டனிலேயே நீளத் தொடங்கும். 8.8 போல்ட் 640 வரை தாங்கும். ஸ்டெயின்லெஸ் மரை இறுக்கும்போது ஒன்றோடொன்று கடித்துப் பிடித்துக்கொள்ளும் வழக்கமும் உண்டு. பெரிய எண் பார்த்து 12.9-க்கும் ஓடாதீர்கள். அவ்வளவு கடினமான போல்ட்டைச் சாதாரணப் பட்டறையில் ஜிங்க் முலாம் போடக் கொடுத்தால், ஹைட்ரஜன் உள்ளே புகுந்து சொல்லாமல் முறியக்கூடும்.

10. நீளத்தை இப்படிக் கணக்கிடுங்கள்: இரண்டு தகடு, வாஷர், நட்டு எல்லாம் சேர்ந்து, வெளியே இரண்டு மரை நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். தகடுகள் ஒன்றோடொன்று உரசும் இடத்தில் மரை வராமல், மரையில்லாத வழுவழுப்பான தண்டு வரட்டும். வெட்டு விசை அங்கேதான் விழும். மரையின் பள்ளத்தில் தண்டு மெலிந்திருப்பதால் அங்கே தாங்கும் திறன் குறைவு. முழு நீளமும் மரை போட்ட போல்ட்டை இங்கே தவிருங்கள்.

11. ரோல் பாரின் காலை மெல்லிய பாடித் தகட்டில் மட்டும் பூட்டினால், வண்டி கவிழும்போது போல்ட் நிற்கும், தகடு கிழியும். பந்தயக் கார்களுக்கு உலக மோட்டார் சம்மேளனம் வைத்திருக்கும் விதி இதற்கு நல்ல வழிகாட்டி: ஒரு காலுக்குக் குறைந்தது மூன்று போல்ட், ஒவ்வொன்றும் குறைந்தது 8 மி.மீ., 8.8 தரம். தகட்டுக்கு அடியில் 3 மி.மீ. கனமும் 120 சதுர செ.மீ. பரப்பும் உள்ள இரும்புத் தட்டு, அதாவது 10-க்கு 12 செ.மீ. துண்டு. எந்த லேத் பட்டறையிலும் வெட்டித் தருவார்கள்.

12. நட்டும் போல்ட்டின் தரத்திலேயே இருக்கட்டும். 8.8 போல்ட்டுக்கு 8 என்று பொறித்த நட்டு. உள்ளே நைலான் வளையம் உள்ள நைலாக் நட்டு அதிர்வில் கழலாது, ஆனால் ஒருமுறை கழற்றினால் புதிது போடுங்கள். 8.8 போல்ட்டை முழுதாக இறுக்கினால் ஸ்பிரிங் வாஷர் தட்டையாகிவிடும். அதை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். கனமான தட்டை வாஷரை மறக்காதீர்கள்.

13. பெயின்ட் காய்ந்த பிறகு, வாஷர் உட்காரும் வட்டத்தில் மட்டும் கனத்த பெயின்ட்டைச் சுரண்டி, மெல்லிய பிரைமர் பூசுங்கள். கனத்த பவுடர் கோட்டிங் மேல் இறுக்கினால் அது நாளடைவில் நசுங்கி இறுக்கம் தளரும். எல்லா போல்ட்டையும் முதலில் கையால் மாட்டிவிட்டு, எதிரெதிராக மாற்றி மாற்றி இறுக்குங்கள். 10 மி.மீ., 8.8 போல்ட்டுக்குச் சுமார் 45 நியூட்டன் மீட்டர். 25 செ.மீ. ஸ்பானரின் நுனியில் 18 கிலோ அழுத்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். டார்க் ரெஞ்ச் இருந்தால் ஊகமே வேண்டாம். ஸ்பானரில் குழாயைச் சொருகி ஏறி மிதிப்பது வேண்டவே வேண்டாம். முடித்ததும் நட்டிலிருந்து தகடு வரை ஒரு பெயின்ட் கோடு இழுங்கள். கோடு விலகினால் நட்டு நகர்ந்திருக்கிறது.

14. சேஸியில் புதிதாகத் துளை போடுமுன் சட்டத்தைப் பாருங்கள். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறித்தவற்றுக்கு முரணாகும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 50 வயது தாண்டிய சொந்த வண்டிகளை விண்டேஜ் என்று பதிய 2021-ல் விதி வந்தது. அதற்கும் சேஸி, பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் இருக்கக்கூடாது. ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு டிரில்லை எடுங்கள்.

எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. கம்மனஹள்ளி, ஹென்னூர் மெயின் ரோடு கடைகளில் மில்லிமீட்டர் 8.8 கிடைத்துவிடும். இஞ்ச் மரை வேண்டுமென்றால் எஸ்.ஜே.பி. ரோடு, ஜே.சி. ரோடு பக்கம் ஒரு நடை போய் வாருங்கள். பழைய போல்ட்டைக் கையோடு கொண்டுபோங்கள். முதல் 200 கிலோமீட்டர் ஓட்டியதும் எல்லாவற்றையும் ஒருமுறை சரிபாருங்கள். குழாயில் வளைவோ வெல்டிங்கில் விரிசலோ தெரிந்தால் எந்த போல்ட்டாலும் ஈடு செய்ய முடியாது. விவரம் தெரிந்த ஃபேப்ரிகேட்டர் பார்த்துச் சரி சொல்லும் வரை, பின்னால் பிள்ளைகளை ஏற்றாதீர்கள்.